ஒரு குறுஞ்செய்தியில் நிற்கும் லாரி

திருச்சிச் சாலையும் தஞ்சாவூர்ச் சாலையும் கூடும் கீழப்பழுவூரில் லாரிகளுக்கு இரவு பகல் கிடையாது. சுண்ணாம்புக்கல் டிப்பர், சிமென்ட் மூட்டை ஏற்றிய டாரஸ், தூள் சிமென்ட் சுமக்கும் பல்கர் என்று வரிசை அறுவதில்லை. இவற்றின் வேகத்தையும் புழுதியையும் பற்றிச் சொல்லிச் சொல்லி அரியலூர் மாவட்டத்து மக்கள் அலுத்துவிட்டார்கள். யார் கண்ணிலும் படாத இன்னொரு ஆபத்து டாஷ்போர்டுக்கு அடியில் இருக்கிறது: சிம் கார்டு செருகிய ஜிபிஎஸ் பெட்டி.

டீசல் திருட்டைப் பிடிக்கவும், வண்டி எங்கே நிற்கிறது என்று பார்க்கவும் உரிமையாளர்கள் இதை மாட்டுகிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் இத்தகைய பெட்டிகள் பலவற்றில் ரிலே என்ற மின்விசையையும் இணைக்கலாம். லாரி திருடுபோனால் செல்பேசியிலிருந்து ஒரு கட்டளை போதும். எரிபொருள் நின்று, வண்டியும் நின்றுவிடும். கட்டளை அனுப்பியது உரிமையாளர்தான் என்று அந்தப் பெட்டிக்கு எப்படித் தெரியும்?

தெரியாது என்பதற்குச் சான்று உண்டு. சீனாவின் மைகோடஸ் நிறுவனம் விற்கும் எம்.வி.720 என்ற மலிவு விலைக் கருவியை பிட்சைட் என்ற பாதுகாப்பு நிறுவனம் ஆராய்ந்தது. அது கண்ட ஓட்டைகளைப் பற்றி 2022 ஜூலையில் அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சிசாவே எச்சரிக்கை வெளியிட்டது. எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான ஒரு தலைமைக் கடவுச்சொல் அமைப்பிலேயே பொதிந்திருந்தது. சில குறுஞ்செய்திக் கட்டளைகளுக்குக் கடவுச்சொல்லே தேவைப்படவில்லை. வாங்குபவருக்குத் தரப்பட்ட கடவுச்சொல்லோ 123456. அதை மாற்றியவர்கள் மிகச் சிலர். 169 நாடுகளில் அந்நிறுவனத்தின் கருவிகள் சுமார் 15 லட்சம் ஓடுவதாக பிட்சைட் கணக்கிட்டது. எங்கோ இருக்கும் ஒருவன் ஓடும் வண்டியின் எரிபொருளை நிறுத்த முடியும் என்பதே இதன் பொருள். முப்பது டன் பாரத்தோடு வரும் டிப்பர் நடுச்சாலையில் இழுவை இழந்தால், பின்னால் வரும் பள்ளிப் பேருந்தின் கதி என்ன?

சட்டம் இந்தப் பெட்டியைத் தொடவே இல்லை. 2019 முதல் பதிவாகும் பேருந்து, டாக்சிகளுக்கு ஏஐஎஸ் 140 என்ற இந்திய வாகனத் தரத்தில் இருப்பிடங்காட்டிக் கருவி கட்டாயம். அது அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிலையத்தைத் தாண்டி வரவேண்டும். சாதாரண சரக்கு லாரிக்கு நாடு முழுவதற்குமான அந்தக் கட்டாயம் இல்லை. ஐரோப்பாவில் 2024 ஜூலை முதல் விற்கப்படும் புதிய வாகனங்கள் ஐ.நா. 155ஆம் விதிப்படி இணையப் பாதுகாப்புச் சான்று பெற்றாக வேண்டும். அதே வழியில் இங்கும் ஏஐஎஸ் 189 என்ற தரம் எழுதப்பட்டது. இரண்டும் குறிவைப்பது வாகனம் தயாரிக்கும் நிறுவனத்தைத்தான். 2015இல் ஜீப் செரோக்கியை இணையம் வழியே தூரத்திலிருந்தே ஆய்வாளர்கள் இருவர் கட்டுப்படுத்திக் காட்ட, 14 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்த நிறுவனமாவது இருந்தது. கடைவீதியில் வாங்கி எலக்ட்ரீஷியன் ஒயர் வெட்டி மாட்டிய பெட்டிக்கு யாரை அழைப்பது?

இணையத் தாக்குதலை ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் உத்தரவிட்டது. ஆனால் இரண்டு லாரி வைத்திருப்பவர், வண்டி திடீரென நின்றால் மெக்கானிக்கைத்தான் கூப்பிடுவார்; அது தாக்குதல் என்றே அவருக்குத் தோன்றாது.

எனவே வெளியில் வாங்கி மாட்டும் கருவிகளையும் ஏஐஎஸ் 189 வழியிலான விதிக்குள் மத்திய அரசு கொண்டுவர வேண்டும். தகுதிச் சான்றுக்கு (எஃப்.சி.) வரும் லாரியில் பிரேக்கையும் விளக்கையும் பார்க்கும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் இந்தப் பெட்டியின் தயாரிப்பு, மாடலையும் பதிவுசெய்யலாம். ஒரு மாடலில் ஓட்டை கண்டால் அது எந்தெந்த லாரிகளில் உள்ளது என்று அன்றே தெரியும். சுற்றியுள்ள சிமென்ட் ஆலைகள் வாயிலில் தார்ப்பாய் பார்க்கும்போதே இந்தப் பெட்டியின் விவரத்தையும் கேட்கலாம்.

உரிமையாளர்கள் அரசாணைக்குக் காத்திருக்கத் தேவையில்லை. கடவுச்சொல்லை இன்றே மாற்றலாம். எரிபொருள் வழியில் உள்ள ரிலேயைக் கழற்றி ஸ்டார்ட்டர் இணைப்பில் மாட்டச் சொல்லலாம். அப்போது யார் கட்டளை அனுப்பினாலும், நிற்கும் லாரி கிளம்பாது. ஓடும் லாரி நிற்காது.