'ஏன் கத்தவில்லை?' - கல்வி வளாகங்களின் தவறான கேள்விக்கு அனிமேஷன் காணொளி விடை தருமா?

புதுதில்லி: பாலியல் தொல்லைக்கு ஆளான மாணவி அதை வெளியே சொல்லும்போது, "ஏன் கத்தவில்லை?", "ஏன் அன்றே சொல்லவில்லை?" என்ற கேள்விகளை எதிர்கொள்ள நேரிடுகிறது. கேட்பவர் விடுதிக் காப்பாளராகவோ, பேராசிரியராகவோ, நெருங்கிய தோழியாகவோ இருக்கலாம். பேரச்சத்தின்போது உடலும் மனமும் எவ்வாறு இயங்கும் என்பதை அறியாததால் எழும் இக்கேள்விகள், புகாரைத் தொடக்கத்திலேயே முடக்கிவிடக் கூடியவை. சில நிமிடங்களே ஓடும் அனிமேஷன் காணொளிகள் இந்த அறியாமையைப் போக்க உதவும்.

நீதிமன்ற உத்தரவு தரும் வாய்ப்பு

விசாகப்பட்டினத்தில் நீட் தேர்வுக்குத் தயாராகி வந்த 17 வயது மாணவியின் மரணம் தொடர்பான வழக்கில், மாணவர் மனநலத்துக்கான வழிகாட்டு நெறிமுறைகளை உச்ச நீதிமன்றம் 2025 ஜூலை 25 அன்று வெளியிட்டது. அதன்படி, 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் பயிலும் கல்வி நிறுவனங்கள் தகுதி வாய்ந்த மனநல ஆலோசகர் ஒருவரையேனும் அமர்த்த வேண்டும். ஆசிரியர்கள், பிற பணியாளர்கள் அனைவருக்கும் ஆண்டுக்கு இருமுறையாவது உளவியல் முதலுதவிப் பயிற்சி அளிக்க வேண்டும். பேராசிரியர் முதல் வாயிற்காவலர் வரை ஒரே செய்தியை அவரவர் மொழியில் கொண்டு சேர்க்க, இப்பயிற்சியில் காணொளியைச் சேர்க்கலாம்.

மூளையில் நடப்பது என்ன?

ஆபத்தை உணர்ந்ததும் மூளையின் அமிக்டலா பகுதி எச்சரிக்கை எழுப்புகிறது. எதிர்த்துப் போராடுவதும் தப்பி ஓடுவதும் போலவே, அசைவற்று உறைந்து போவதும் அப்போது நிகழும் இயல்பான எதிர்வினையே. அது எவரும் யோசித்துத் தேர்ந்தெடுப்பதன்று. நடந்தவற்றின் வரிசை நினைவில் குழம்பலாம். ஓர் ஓசையோ, மணமோ மட்டும் கூர்மையாக நிற்கலாம். பின்னர் சிலர் கதறி அழுவர். சிலர் உணர்ச்சியற்ற குரலில் விவரிப்பர். சிலர் மறுநாளே வகுப்புக்குச் செல்வர்.

சட்டமும் இதை ஓரளவு உணர்ந்துள்ளது. உடலால் எதிர்க்கவில்லை என்ற ஒரே காரணத்தால் பெண் சம்மதித்ததாகக் கருதக் கூடாது என, வல்லுறவுக் குற்றம் குறித்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 63-ஆவது பிரிவு கூறுகிறது. ஆனால், வளாகங்களில் நிலவும் பொதுப் பார்வை சட்டத்துக்குப் பின்தங்கியே உள்ளது.

ஏன் அனிமேஷன்?

கண்ணுக்குப் புலப்படாத மூளையின் இயக்கத்தை வரைபடமாகக் காட்ட முடியும் என்பது இவ்வடிவத்தின் முதல் பலம். உண்மை மனிதரின் முகம் தேவைப்படாததால், பாதிக்கப்பட்டவரின் அடையாளம் வெளிப்படாது. குரலை மட்டும் மாற்றிப் பல மொழிகளில் வெளியிடலாம். அதே நேரம், தாக்குதலைக் காட்சியாகச் சித்திரிப்பதைத் தவிர்க்க வேண்டும். அரங்கில் அமர்ந்திருப்போரில் அதே துயரை அனுபவித்தவரும் இருக்கக் கூடும்.

எல்லை எது?

இத்தகைய காணொளி தீர்ப்பு வழங்கும் கருவியாகிவிடக் கூடாது. உறைந்து போனதும், நினைவு சிதறியதும் புகார் பொய் என்பதற்குச் சான்றாகா. குற்றம் நடந்ததற்கும் அவை மட்டுமே சான்றாகா. இதைத் தெளிவாகச் சொன்னால்தான் இரு தரப்புக்கும் நியாயமான விசாரணை கிடைக்கும்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, நிகழ்வு நடந்த மூன்று மாதங்களுக்குள் உள் புகார்க் குழுவிடம் புகார் அளிக்க வேண்டும். உரிய காரணம் இருந்தால், குழு மேலும் மூன்று மாதங்கள் வரை அவகாசம் வழங்கலாம். தாமதத்துக்குப் பின்னால் உள்ள அச்சத்தைப் புரிந்துகொண்ட குழுவே இந்த அதிகாரத்தை முறையாகப் பயன்படுத்த முடியும். எனவே, மாணவர்களுக்கு முன்பாக இக்குழுவினர் இத்தகைய காணொளியைப் பார்ப்பது அவசியம்.

காணொளியின் முடிவில் ஆலோசகரின் அறை எண்ணும், புகார்க் குழுவின் தொடர்பு விவரமும், 24 மணி நேரமும் இயங்கும் டெலி-மானஸ் கட்டணமில்லா உதவி எண்ணான 14416-உம் இடம்பெற வேண்டும். அந்த அறை பூட்டியே கிடந்தால் காணொளியால் பயனில்லை. "ஏன் கத்தவில்லை?" என்ற கேள்விக்கு மாற்றாக, "இப்போது பாதுகாப்பாக இருக்கிறாயா?" என்று முதலில் கேட்க வளாகம் பழகுவதே இம்முயற்சியின் வெற்றியாக அமையும்.