கூட்டத்தில் மறையும் குழந்தை

ஆரம்பப் பள்ளிக்கூடத்தின் வாசலில் நின்று கேட்பவருக்கு முதல் வகுப்பு வெகு நன்றாக நடப்பதாகவே தோன்றும். உபாத்தியாயர் ஒரு வரியைச் சொல்ல, குழந்தைகள் யாவரும் ஒரே குரலில் அதைத் திருப்பிச் சொல்லுகிறார்கள். ஆனால் அது வாசிப்பாகுமா? ஒரு குழந்தையை மாத்திரம் தனியே அழைத்து, புஸ்தகத்திலுள்ள படத்தைக் கையால் மறைத்து, வரியின் நடுவிலுள்ள ஒரு சொல்லைக் காட்டிக் கேட்டால் உண்மை வெளியாகும். பல குழந்தைகள் விழிப்பார்கள். அவர்கள் பக்கத்துக் குரலைப் பின்பற்றினார்களேயன்றி வாசிக்கவில்லை.

பத்துச் சாட்சிகளை ஒன்றாக நிறுத்தி, ஏககாலத்தில் சாட்சியம் சொல்லும்படி விட்டால் எந்த நியாயாதிபதியும் ஒப்பமாட்டார். குழந்தைகளின் படிப்பு விஷயத்தில் மாத்திரம் நாம் அத்தகைய சாட்சியத்தை அங்கீகரித்து வருகிறோம்.

இதன் பலன் யாது? ‘அசர்’ என்னும் கணக்கெடுப்பு கிராமங்களில் வீடுதோறும் சென்று, குழந்தைகளைத் தனித்தனியே வாசிக்கச் செய்து பார்க்கிறது. 2022-ல் இந்தியக் கிராமங்களில் மூன்றாம் வகுப்புக் குழந்தைகளில் 100-க்குச் சுமார் 20 பேரே இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசித்தனர். தமிழ்நாட்டிலோ சுமார் 5 பேரே! கொள்ளை நோயால் பள்ளிகள் மூடிக் கிடந்ததே காரணம் என்பாருளர். நோய் வருமுன்னரே, 2018-ல், நமது மாகாணத்தின் எண் சுமார் 10 தான் என்பதை அவர்கள் மறக்கலாகாது.

247 எழுத்துக்கள் என்று சொல்லிக் குழந்தையை அச்சுறுத்த வேண்டுவதில்லை. 12 உயிரும் 18 மெய்யும் கூடும் முறை விளங்கினால் போதும். ஆனால் ஒரு குழந்தை, எழுத்துக்கு முன்னே நிற்கும் கொம்பைப் பின்னே ஒலிக்க வேண்டுவதை அறியாது மயங்கும். மற்றொன்று குறிலையும் நெடிலையும் ஒன்றாக்கும். வேறொன்று, கடல், பகல், தங்கம் என்னும் மூன்றிலும் ககரம் வெவ்வேறாய் ஒலிப்பது கண்டு திகைக்கும். இடறும் இடம் குழந்தைதோறும் வேறு. கூட்டமாய் ஓதினால் அதை யார் கண்டுபிடிப்பது?

2022-ல் தமிழ்நாட்டுச் சர்க்கார் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தைத் தொடங்கி, குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலை பார்த்துப் பயிற்ற முற்பட்டது நன்றே. ஆயினும் கணக்கைப் பாருங்கள். 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் 30 குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியர் என்கிறது. குழந்தைக்கு 5 நிமிஷம் என்றாலும் தினம் இரண்டரை மணி நேரம் வேண்டும். இரண்டே ஆசிரியர்கள் ஐந்து வகுப்புக்களை நடத்தும் கிராமப் பள்ளியில் இது நடக்குமா?

நடத்தும் வழி இம்மண்ணிலேயே பிறந்தது. 1789-ல் சென்னை எழும்பூரில் அநாதைப் பிள்ளைகளின் பள்ளியை ஏற்ற ஆண்ட்ரூ பெல் பாதிரியார், நம் நாட்டுப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு அதைக் கைக்கொண்டார். பிள்ளையைக் கொண்டே பிள்ளைக்குக் கற்பித்தார். 1797-ல் லண்டனில் அவர் அதைப் பற்றி நூல் வெளியிட்டபின், ‘சென்னை முறை’ என்ற பெயருடன் அது இங்கிலாந்தின் ஏழைக் குழந்தைகளுக்கு எழுத்தறிவித்தது. கடன் கொடுத்த நாம் வெறுங்கையுடன் நிற்பது தகுமா?

பழைய சட்டாம்பிள்ளையின் பிரம்பு நமக்கு வேண்டாம். அவன் காது வேண்டும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒவ்வொருவரும் தினம் 5 நிமிஷம் ஒரு சிறு குழந்தையின் வாசிப்பைக் கேட்கட்டும். இடறும் குழந்தைகளை உபாத்தியாயர் தாமே கவனிக்கட்டும். பரிசோதனைக்கு வரும் அதிகாரி பதிவேட்டைப் புரட்டுமுன் ஒரு குழந்தையைத் தனியே வாசிக்கச் சொல்லட்டும்.

மேடையேறி ஜனங்களின் உரிமையைப் பேசும் நண்பர்களே! சட்டத்தையும் வாக்குச் சீட்டையும் பிறர் படித்துச் சொல்லக் கேட்பவனுக்கு உரிமை ஏது? தலைமை ஆசிரியரின் அனுமதி பெற்று, வாரம் ஒரு மணி நேரம் உங்கள் ஊர்ப் பள்ளிக்குச் செல்லுங்கள். அங்கே நீங்கள் பேச வேண்டுவதில்லை. ஒரு குழந்தை வாசிக்க, உட்கார்ந்து கேட்டால் போதும்.