வற்றுக்கறவைக்கு யார் தீவனம் போடுவது?

காரமடை அரங்கநாதர் தேர் மாசியில் ஓடும். அதற்குள் எங்கள் கட்டுத்தரைச் சிவலை கன்று போட்டுவிடும். வைகாசியில் ஊசி போட்டது. ஒன்பது மாதம், ஒன்பது நாள் கணக்கு. மடி இறங்கிவிட்டது, வாலடியில் குழியும் விழுந்துவிட்டது. ராத்திரி இரண்டு முறை டார்ச்சோடு எழுந்து போய்ப் பார்த்துவிட்டுத்தான் அம்மா படுக்கிறார். இந்தக் காத்திருப்பில் யாரும் பேசாத ஒன்று, பால் இல்லாத கடைசி இரண்டு மாதம். மடிக்கு ஓய்வு வேண்டும் என்று கறவையை நிறுத்துகிறோம். கன்று வயிற்றுக்குள் வேகமாக வளர்வதும் அப்போதுதான். நல்ல தீனி கட்டாயம் வேண்டிய நேரத்தில் பால் பணம் நின்றுபோகிறது. இரண்டே மாடு வைத்திருக்கிற வீட்டில் ஒன்று வற்றினால் பாதி வருமானம் போச்சு. அதனால்தான் பலர் ஈனும் நாள்வரை கறந்துவிடுகிறார்கள். பிறகு சீம்பால் தரம் குறைகிறது, அடுத்த ஈற்றுக் கறவையும் குறைகிறது. அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது. லிட்டர் கணக்கில் மட்டும் மாட்டைப் பார்க்காமல், அந்த 60 நாளுக்குப் பருத்திக்கொட்டையும் தவிடும் தாது உப்பும் கடனாகக் கொடுத்து, பின்னால் பால் பணத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொள்வதை எல்லாப் பால் சங்கங்களும் வழக்கமாக்க வேண்டும். அம்மா சோளத்தட்டைப் பொடியாக நறுக்கி வைத்திருக்கிறார். நஞ்சுக்கொடியை ஆலமரத்தில் கட்ட வைக்கோலும் தனியாக எடுத்து வைத்தாயிற்று.