மூன்று வருடம் யாருக்காக ஓடினோம்?

“இன்னும் ஒரு வருடம் இருந்து பட்டத்தை வாங்கிக்கொண்டு போனால் என்ன, அப்படி என்ன அவசரம்?” டிவி வர்ணனையாளர் கேட்கிறார். பழைய மாணவர் சங்கத்துப் பெரியவர்கள் கேட்கிறார்கள். பேராசைக்காரன் என்கிறார்கள், நன்றி கெட்டவன் என்கிறார்கள். படிப்பைப் பாதியில் விட்டுத் தொழில்முறை ஆட்டத்துக்குப் போவதா வேண்டாமா என்பது ஏதோ எங்கள் கையில் இருந்ததுபோலப் பேசுகிறீர்களே! அமெரிக்க ஃபுட்பாலில், பள்ளியை முடித்து மூன்று வருடம் ஆகாதவனைத் தொழில்முறை லீகான என்.எஃப்.எல். சேர்க்காது. எத்தனை திறமை இருந்தாலும் சேர்க்காது. அதுவரை கல்லூரி மைதானத்தை விட்டால் எங்களுக்குச் சொல்லிக்கொள்ளும்படியான போக்கிடம் கிடையாது.

நான் ரன்னிங் பேக். பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு, நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ளவர்களின் நடுவே புகுந்து ஓடுவது என் வேலை. ஒவ்வொரு ஓட்டமும் ஓர் அடியில் முடியும். இந்த இடத்தில் ஆடுகிறவனுக்கு உடம்பு ஒத்துழைக்கும் வருடங்களே கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தில் மூன்றைக் கல்லூரிக்குக் கொடுத்தேன். மூன்றாம் வருடத்தில் முழங்கால் போனது. அதோடு எல்லாம் போனது.

“சும்மாவா ஆடினாய்? ஸ்காலர்ஷிப் கொடுத்தோமே!” என்பீர்கள். கொடுத்தீர்கள். ஆனால் எந்தப் பாடம் படிப்பது என்பதைக்கூட என்னை முடிவு செய்ய விட்டீர்களா? பயிற்சி நேரத்தோடு மோதுகிறது என்று ஆய்வக வகுப்புள்ள பாடங்களிலிருந்து என்னைத் திருப்பிவிட்டீர்கள். என் எண் போட்ட சட்டை கடையில் விற்றது. அதில் ஒரு காசு என் அம்மாவுக்கு வரவில்லை. எங்களைச் சேர்த்த பயிற்சியாளர், ஒப்பந்தம் முடிவதற்குள் அதிகச் சம்பளத்துக்கு வேறு பல்கலைக்கழகத்துக்குப் போனார். அவரை யாரும் நன்றி கெட்டவர் என்று சொல்லவில்லை. அவர் போனால் முன்னேற்றம், நாங்கள் போனால் துரோகமா?

மோரிஸ் கிளாரெட்டை நினைத்துப் பாருங்கள். முதல் வருடத்திலேயே ஒஹாயோ ஸ்டேட் அணிக்கு 2002 பருவத்தின் தேசியப் பட்டத்தை வாங்கித் தந்தவர்களில் ஒருவர். இந்த மூன்று வருட விதியை எதிர்த்து நீதிமன்றம் போனார். 2004 பிப்ரவரியில் வென்றார். மே மாதமே மேல்முறையீட்டில் தோற்றார். பின்னாளில் உச்ச நீதிமன்றத்துக்குப் போன சோனியா சோடோமேயர் எழுதிய தீர்ப்பு அது. தொழிலாளர் சட்டத்தின் கீழ், லீகும் வீரர் சங்கமும் பேரம் பேசி வைத்துக்கொள்ளக்கூடிய விதி இது என்றது தீர்ப்பு. அந்தச் சங்கத்தில் கிளாரெட் உறுப்பினரே இல்லை! தான் இல்லாத பேரத்தில் தன் வாழ்க்கையை இழந்தார். முதல் தீர்ப்பை நம்பி ஏஜென்ட்டை அமர்த்திக்கொண்ட இன்னொரு கல்லூரி வீரர் மைக் வில்லியம்ஸ், திரும்பி வருகிறேன் என்று கேட்டபோது, கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. கதவைச் சாத்தியது. அந்த வருடம் முழுவதும் அவர் எங்கும் ஆடவில்லை.

இளம் உடம்பு தாங்காது, பாதுகாப்புக்காகத்தான் இந்த விதி என்கிறார்கள். மிச்சிகன் பல்கலைக்கழக மைதானத்தில் ஒரு லட்சத்து ஏழாயிரம் பேர் உட்காரலாம்; என்.எஃப்.எல். மைதானம் எதிலும் அத்தனை இருக்கை இல்லை. அத்தனை பேர் டிக்கெட் வாங்கிப் பார்க்க மோதும்போது மட்டும் எங்கள் எலும்பு இரும்பாகிவிடுகிறதா? பதினெட்டு வயதில் ராணுவத்தில் சேர்த்துப் போருக்கு அனுப்புகிற நாடு இது. அதே வயதில் பேஸ்பால் வீரன் பள்ளியிலிருந்து நேராகத் தொழில்முறை அணிக்குப் போகலாம். எங்களுக்கு மட்டும் ஏன் பூட்டு?

சவுத் கரோலினா பல்கலைக்கழகத்தின் மார்கஸ் லாட்டிமோர் 2010-இல், முதல் வருடத்திலேயே, ஆயிரம் கெஜத்துக்கு மேல் ஓடினார். 2011-இல் ஒரு முழங்கால் கிழிந்தது. 2012-இல் அடுத்த முழங்கால் சிதைந்தது. இரண்டும், விதி அவரைக் கல்லூரியில் நிறுத்தி வைத்திருந்த காலத்தில். 2013-இல், என்.எஃப்.எல். அணிகள் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், சான் ஃபிரான்சிஸ்கோ அணி அவரை நான்காம் சுற்றில் எடுத்தது. ஓர் ஆட்டம்கூட ஆடாமல் 2014-இல் ஓய்வு பெற்றார். அவருக்கு எப்போது இருந்தது ‘போவதா, இருப்பதா’ என்ற கேள்வி?

கென்ட் வால்ட்ரெப் 1974-இல் கல்லூரிக்காக ஓடும்போது கழுத்து ஒடிந்து, உடல் செயலிழந்தார். தொழிலாளர் இழப்பீடு கேட்டார். அவர் ஊழியரே அல்ல என்று 2000-இல் டெக்சாஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. வேலை வாங்கும்போது வீரன். விழுந்தபின் வெறும் மாணவன்!

2021-இலிருந்து கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். 2025 முதல் பல்கலைக்கழகங்கள் நேரடியாகவே பணம் தரலாம். நல்லது, தம்பிகளாவது வாங்கிக்கொள்ளட்டும். ஆனால் மூன்று வருடப் பூட்டு இன்றும் அப்படியேதான் தொங்குகிறது. அதைத் திறவுங்கள். தயாரானவன் தயாரான நாளில் போகட்டும். டிராஃப்டில் யாரும் எடுக்காவிட்டால் திரும்பி வந்து ஆடவும் படிக்கவும் இடம் கொடுங்கள். கல்லூரிக்காக உடைந்த உடம்புக்குக் கல்லூரியே கடைசிவரை வைத்தியம் பார்க்கட்டும். அதுவரை, சீக்கிரம் கிளம்புகிற எந்தப் பையனையும் பேராசைக்காரன் என்று சொல்ல உங்களில் ஒருவருக்கும் அருகதை இல்லை.