சுவருக்கு நிறம் தேடிய கதை



சென்ற மாதம் கிணற்றடியில் நின்று கதைத்தோம். இம்மாதம் வீட்டுக்குள்ளே வருவோம். சுவருக்கு நிறம் தெரிவது பற்றித்தான் இம்முறை. "சாப்பாட்டுக்கே கஷ்டம், இதில் கலரோ?" என்று சிலர் கேட்கக்கூடும். நானும் பல வருடமாக அப்படித்தான் நினைத்திருந்தேன்.

1996 ஆம் ஆண்டு கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்த சனம் ஸ்கந்தபுரத்தில் நிறைந்திருந்த காலத்தில், எங்களுடைய வீடு மண்வீடு. செம்மண்ணும் சாணமும் குழைத்து மெழுகினால் அதுதான் நிறம். பிறகு 2009 வரை ஓட்டம், செட்டிகுளம் முகாம், திரும்பி வந்து கொட்டில். 2013 இல் இந்திய வீட்டுத்திட்டத்தில் ஐந்தரை இலட்சம் ரூபா கட்டங்கட்டமாகக் கிடைத்துக் கல்வீடு எழும்பியது. சுவர் பூசி முடியவே அந்தக் காசு கரைந்துவிட்டது. நானும் அம்மாவும் சுண்ணாம்பை நனையவைத்து, கொஞ்சம் நீலமும் கரைத்து, உள்ளும் புறமும் வெள்ளை அடித்தோம். கதவுநிலைக்கும் அதே வெள்ளைதான்.

அந்த வெள்ளையே ஒருநாள் வினையாகும் என்று அப்போது தெரியவில்லை.

என்னுடைய அக்காவுக்கு 2009 இல் செல் துண்டு பட்டு வலது கண் போய்விட்டது. இடது கண்ணிலும் பார்வை குறைந்துகொண்டு வருகிறது. ஒரு கண்ணால் மட்டும் பார்ப்பவர்களுக்குத் தூரத்தையும் ஆழத்தையும் மட்டுக்கட்டுவது கடினம். வெள்ளைச் சுவரில் வெள்ளை நிலை. சீமெந்து நிலத்தில் சீமெந்துப் படி. எது எங்கே முடிகிறது என்று அவவுக்குத் தெரிவதில்லை. தோள்மூட்டை நிலையில் இடித்துக்கொள்வது வழமை. போன மார்கழியில் குசினிப் படியில் தவறி விழுந்து மணிக்கட்டு உடைந்துவிட்டது. கண் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனபோது அங்கிருந்த தாதி ஒருவர், "நிலைக்கும் படிக்கும் வேற நிறம் அடிச்சு விடுங்கோவன், அவவுக்கு வழி தெரியும்" என்றார். இத்தனை வருடம் எனக்கு அது தோன்றவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

சீட்டுக்காசு கையில் வந்ததும் வேலையைத் தொடங்கினேன். அயலில் ஒருவர் வந்து, "ஆம்பிளை இல்லாத வீட்டுக்கு இப்ப என்ன கலர் வேண்டிக்கிடக்கு?" என்றார். நான் வாய் திறக்க முதல் அம்மா சொன்னா, "பிள்ளை விழுந்து கிடக்கேக்கை நீங்களோ வந்து தூக்கினனீங்கள்?" பிறகு ஒருவரும் கேட்கவில்லை.

முதலில் நான் விட்ட பிழையைச் சொல்கிறேன். அவசரத்தில் சுண்ணாம்புச் சுவரின் மேலேயே ஒரு முழ அகலத்துக்குப் பெயின்ற் அடித்துப் பார்த்தேன். ஒரு கிழமையில் வெங்காயத்தோல் போல உரிந்து வந்தது. சுவரைக் கையால் தேய்த்துப் பாருங்கள். வெள்ளை மா கையில் ஒட்டினால் அதன்மேல் பெயின்ற் நிற்காது. சுண்ணாம்பைச் சுரண்டி, கழுவி, நன்றாகக் காயவிட்டு, முதற்பூச்சு அடித்த பிறகுதான் நிறம். புதிதாகப் பூசிய சுவராயின் குறைந்தது நான்கு கிழமையாவது காயவேண்டும். மழைக்காலத்தில் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம். நாங்கள் மாரி முடிந்து பங்குனியில்தான் தொடங்கினோம்.

அடுத்தது நிறம் தெரிவது. கடையில் தரும் நிற அட்டையை மட்டும் நம்பக்கூடாது. கடையின் ரியூப் லைற் வெளிச்சம் வேறு, எங்கள் வீட்டு வெளிச்சம் வேறு. எங்கள் முன்னறைக்குள் முற்றத்துச் செம்மண்ணில் பட்டுத் தெறிக்கும் வெயில் வருகிறது. அங்கே வெள்ளைகூடச் சற்றுச் சிவந்து தெரியும். பின்னறையில் மாமரத்தின் பச்சை நிழல். அட்டையில் மெல்லியதாகத் தெரியும் நிறம் நாலு சுவரிலும் அடித்ததும் கடுமையாகத் தெரியும். ஆகவே விரும்பியதிலும் ஒருபடி மெல்லிய நிறத்தை எடுப்பது நல்லது.

நான் செய்த பரிசோதனை இதுதான். பிஸ்கட் பெட்டி மட்டையைப் பெரிய துண்டுகளாக வெட்டினேன். மட்டையின் மண்ணிறம் நிறத்தை மாற்றிவிடும் என்பதால் முதலில் வெள்ளை அடித்தேன். அது காய்ந்த பின் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு நிறத்தை இரண்டு தரம் பூசினேன். ஈரத்தில் தெரியும் நிறமும் காய்ந்த பின் தெரியும் நிறமும் ஒன்றல்ல. காய்ந்த மட்டைகளைச் சுவருக்குச் சுவர் மாற்றிச் சாத்தி வைத்து, காலை, மத்தியானம், இரவு லைற் போட்ட பிறகு என்று மூன்று நேரமும் மூன்று நாள் பார்த்தோம்.

மகளுக்கு ரோஸ் நிறம் ஆசை. அம்மாவுக்கு வெள்ளைதான் வேண்டும். ஆனால் தீர்ப்புச் சொன்னது அக்காதான். அவவை வாசலில் நிறுத்தி, "மட்டை எங்கை முடியுது, தொட்டுக் காட்டுங்கோ" என்றேன். மஞ்சள் மட்டை வெள்ளைச் சுவரோடு கலந்துவிட்டது. சாம்பல் மட்டையைச் சீமெந்துப் படியில் வைத்தபோது அது இருப்பதே தெரியவில்லை. கடும்நீல மட்டையின் விளிம்பில் விரலைச் சரியாக வைத்தா.

இன்னொன்றும் சொன்னா. மத்தியானத்தில் வெள்ளைச் சுவர் கண்ணைக் கூசுகிறதாம். அதில் உண்மை இருக்கிறது. 1914 இல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் ஹரி ஷேர்மன் என்ற சத்திரசிகிச்சை வைத்தியர், வெள்ளை அறையின் கூச்சம் தாங்காமல்தான் தன்னுடைய சத்திரசிகிச்சைக் கூடத்துக்குப் பச்சை நிறத்தைக் கொண்டுவந்தார்.

முடிவில் சுவர்களுக்கு மிக மெல்லிய பச்சை. கதவுநிலைகளுக்குக் கடும்நீலம். படியின் விளிம்பில் இரண்டு அங்குல அகலத்துக்கு மஞ்சள் கோடு. சாம்பல் சீமெந்தில் அது பளிச்சென்று தெரிகிறது. படிக்கு அடிக்கும் பெயின்றில் அரித்த மணல் கொஞ்சம் கலந்தால் கால் வழுக்காது. மகளின் அறையில் ஒரு சுவர் மட்டும் ரோஸ்.

கணக்கும் பார்த்துக்கொள்ளுங்கள். 10 அடிக்கு 12 அடி அறை, சுவர் உயரம் 10 அடி என்றால் நாலு சுவரும் 440 சதுர அடி. கதவு, யன்னலுக்கு 60 கழித்தால் 380. இரண்டு பூச்சுக்கு 760. ஒரு லீற்றர் ஒரு பூச்சுக்கு ஏறத்தாழ 100 சதுர அடி பிடிக்கும். ஆகவே 4 லீற்றர் ரின் இரண்டு வேண்டும். சொரசொரப்பான சுவர் இன்னும் குடிக்கும். நிறம் கலந்து தருவதாயின் ஓர் அறைக்கு வேண்டியதை ஒரே தரத்தில் கலந்து வாங்குங்கள். பிறகு வாங்கினால் நிறம் சற்று மாறி வரக்கூடும்.

பழைய கதவுகளில் கவனம் தேவை. இலங்கையில் பெயின்றில் ஈயத்தின் அளவுக்கு 2013 இல்தான் கட்டாய வரம்பு வந்தது. அதற்கு முந்திய பூச்சில் ஈயம் கூடுதலாக இருக்கலாம். அந்தத் தூள் சிறுபிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். காய்ந்தபடி தேய்க்காமல் தண்ணீர் தடவித் தேய்யுங்கள். கர்ப்பிணிகளும் பிள்ளைகளும் கிட்ட நிற்கவேண்டாம். உரிந்ததைக் கூட்டி அள்ளிப் பையில் கட்டுங்கள், எரிக்கவேண்டாம்.

இப்போது அக்கா இரவில் சுவரைத் தடவாமல் குசினிக்குப் போய் வருகிறா. நேற்று எனக்குத் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து தந்தா. கோப்பை நிறைய இருந்தது, ஒரு சொட்டும் சிந்தவில்லை.

உங்கள் வீட்டிலும் பார்வை குறைந்த ஒருவர் இருந்தால், முழு வீட்டுக்கும் நிறம் அடிக்கக் காசு சேரும்வரை காத்திருக்கவேண்டாம். ஒரு சின்ன ரின் போதும். படி விளிம்பில் தொடங்குங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.