தொட்டி பளபளக்கிறது, மீன் ஏன் வாடுகிறது?

சனிக்கிழமை காலை. உங்கள் சண்டை மீனை வலையால் அள்ளி ஒரு கோப்பையில் விடுகிறீர்கள். தொட்டித் தண்ணீர் முழுவதையும் கொட்டுகிறீர்கள். கூழாங்கற்களையும் வடிகட்டிப் பஞ்சையும் குழாயடியில் நன்றாக அலசுகிறீர்கள். புதுத் தண்ணீர் நிரப்பி மீனைத் திரும்ப விட்டதும் தொட்டி கடையில் வாங்கிய நாளைப்போல மின்னுகிறது. மீனோ துடுப்புகளை உடலோடு ஒடுக்கிக்கொண்டு மூலையில் கிடக்கிறது. மறுநாள் தீனியைத் தொடுவதில்லை. "இப்போதுதானே கழுவினேன்!" என்று குழம்புகிறீர்கள்.

கழுவியதுதான் காரணம் என்கிறேன் நான். உங்கள் வயதில் நானும் இப்படித்தான் வாராவாரம் தேய்த்துக் கழுவி இரண்டு மீன்களை இழந்தேன். நமக்குச் சுத்தம் என்றால் கண்ணுக்குத் தெரியும் பளபளப்பு. மீனுக்குச் சுத்தம் என்பது வேறு.

மீனின் கழிவிலிருந்தும், தின்னாமல் விட்ட தீனியிலிருந்தும் அமோனியா உண்டாகிறது. அது மீனுக்கு நஞ்சு. தொட்டியில் வாழும் ஒருவகைப் பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றுகிறது. நைட்ரைட்டும் நஞ்சுதான். இன்னொரு வகைப் பாக்டீரியா அதை நைட்ரேட்டாக மாற்றுகிறது. இது அளவு மீறாத வரை மீனுக்குப் பெரிய தீங்கு செய்வதில்லை. இந்தப் பாக்டீரியாக்கள் பெரும்பாலும் தண்ணீரில் மிதப்பதில்லை; பஞ்சிலும் கற்களிலும் ஒட்டிக்கொண்டு வாழ்கின்றன. அவை பெருகிப் பரவச் சில வாரங்கள் ஆகும். நீங்கள் குழாயடியில் அலசியது வெறும் அழுக்கை அல்ல, அந்தத் துப்புரவுப் படையையே. சிங்கப்பூரில் குழாய்த் தண்ணீரைக் கிருமியில்லாமல் வைத்திருக்கக் குளோராமின் சேர்க்கப்படுகிறது. நமக்கு அது பாதுகாப்பு. ஆனால் பாக்டீரியா எதுவாக இருந்தாலும் அதற்கு ஒன்றுதான். மீனின் செவுள்களையும் அது புண்ணாக்கும்.

தண்ணீரை ஓரிரவு வாளியில் வைத்தால் போதும் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். குளோரினுக்கு அந்த யோசனை ஓரளவு பொருந்தும். குளோராமின் அப்படி எளிதில் ஆவியாகிப் போகாது. மீன் கடையில் விற்கும் ஆன்டி-குளோரின் சில சொட்டுகள் வேண்டும். குளோராமினுக்கும் ஏற்றதா என்று புட்டியில் படித்துப் பாருங்கள்.

இன்னொரு சிக்கல், வேதியியல் பாடத்தில் நீங்கள் படிக்கும் பிஎச் அளவு. நாள்பட்ட தொட்டித் தண்ணீர் மெல்ல அமிலத்தன்மை அடையும். அப்போது அமோனியாவின் பெரும்பகுதி அவ்வளவாகத் தீங்கு செய்யாத அம்மோனியம் அயனியாக இருக்கும். பிஎச் 7இலிருந்து 8க்கு ஏறினால் நஞ்சான அமோனியாவின் பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகும். பல வாரம் கவனிக்காமல் விட்டுவிட்டு, திடீரென்று குற்ற உணர்ச்சியில் பாதிக்கு மேல் குழாய்த் தண்ணீரை ஊற்றுபவரின் மீன் அன்றே துவண்டு போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்படியானால் என்ன செய்வது? மீனை வெளியே எடுக்கவே வேண்டாம். வலையில் உரசினால் துடுப்பு கிழியும், உடலைக் காக்கும் வழவழப்பான படலம் போகும். பத்து லிட்டர் தொட்டி என்றால் வாரம் ஒருமுறை இரண்டரை லிட்டர் மட்டும் மாற்றுங்கள். மெல்லிய குழாயால் அடியில் தங்கிய கழிவை உறிஞ்சி வாளியில் விடுங்கள். அந்த வாளித் தண்ணீரிலேயே பஞ்சை இரண்டு முறை பிழியுங்கள். அது பழுப்பாகவே இருக்கட்டும். புதுத் தண்ணீர் தொட்டியின் அதே வெப்பத்தில் இருக்க வேண்டும். ஒரு கோப்பையால் ஓரமாக, மெதுவாக ஊற்றுங்கள். சோப்பு தொட்டிப் பக்கமே வரக்கூடாது. கையை வேலை முடிந்த பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

சிலர் என்னோடு வாதிடுவார்கள்: "சண்டை மீன் காற்றையே சுவாசிக்குமே, சின்னக் கோப்பை போதாதா?" செவுளோடு, காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுக்கும் தனி உறுப்பும் அதற்கு உண்டு என்பது உண்மை. அதனால்தான் கடையில் கையளவு டப்பாவில் அது உயிரோடு இருக்கிறது. ஆனால் அந்த உறுப்பு அமோனியாவை விலக்காது. தாய்லாந்தின் வயல்களிலும் சதுப்புகளிலும் அதற்கு ஆழம் குறைவு, பரப்பு அதிகம். 2019இல் தாய்லாந்து தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்த மீன் அது. நாம் மேசை அலங்காரமாக வாங்குகிறோம். பத்து லிட்டருக்கு இடமில்லை என்றால் வாங்காதீர்கள் என்பதுதான் என் நிலை. வாங்கிய பின் சலித்துப்போய் நீர்த்தேக்கத்தில் விடுவது அதைவிட மோசம்.

நம் சாலையோரங்களில் நிற்கும் கெத்தாப்பாங் மரத்தின் காய்ந்த இலையை மீன் வளர்ப்போர் தொட்டியில் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் தேநீர் நிறத்துக்கு மாறும். அது அழுக்கல்ல, இலையிலிருந்து ஊறும் டானின். அதேபோல ஒருநாள் தண்ணீரின் மேல் ஓரமாகச் சிறு குமிழ்கள் கூட்டமாக மிதக்கலாம். சோப்பு நுரையோ என்று வழித்து எடுத்துவிடாதீர்கள். ஆண் மீன் முட்டைகளுக்காகக் கட்டிய கூடு அது. அந்த வாரம் தண்ணீரை மறுபக்கமாக எடுங்கள், ஊற்றும்போதும் மறுபக்கமாகவே ஊற்றுங்கள்.