காய்ச்சல் விட்ட தினமே கவனிக்க வேண்டிய தினம்

"காய்ச்சல் விட்டுவிட்டது" என்ற சொல்லைப் போல ஒரு குடும்பத்துக்கு ஆறுதல் தரும் சொல் வேறொன்றில்லை. நான்கு நாட்களாகக் கண் விழித்த தாய் அன்றுதான் சற்றே தலை சாய்க்கிறாள். தகப்பனார் வேலைக்குப் புறப்படுகிறார். பாட்டியார் இரசத்துக்கு மிளகு இடிக்கிறார். பிள்ளை பேசாமற் படுத்திருந்தால், "பாவம், களைத்துப் போனான், நித்திரை கொள்ளட்டும், எழுப்ப வேண்டாம்" என்று கதவையும் சாத்திவிடுகிறார்கள். அன்பினாற் செய்யப்படும் இக்காரியங்கள் யாவும் அநேகமான காய்ச்சல்களில் நியாயமானவையே. ஆயின், இன்று மழைக்காலந்தோறும் எமது வீடுகளுக்குள் நுழைந்துவிடும் டெங்குக் காய்ச்சலைப் பொறுத்தவரையில், நோயாளியைத் தனியே உறங்கவிட்டுக் கதவைச் சாத்தக் கூடாத தினம் ஒன்று உண்டெனின், அது அந்தத் தினமேயாகும். இவ்வாரம் அதனைக் குறித்தே எழுத எண்ணினோம்.

காய்ச்சல் விட்டால் நோயும் விட்டது என்ற நம்பிக்கை எமது முன்னோர் அறிந்திருந்த காய்ச்சல்களுக்குப் பெரிதும் பொருந்தியது. 1934, 1935ஆம் ஆண்டுகளில் இத்தீவிலே ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொள்ளை கொண்ட மலேரியாவை எடுத்துக்கொள்வோம். குளிரும் நடுக்கமுமாகக் காய்ச்சல் ஏறும். வியர்வை பெருகி இறங்கும். இறங்கியதும் நோயாளி சற்றுத் தெளிந்து எழுந்து உட்காருவார். அதனைக் கண்டு பழகிய கண்ணுக்கு, அபாயமெல்லாம் தேக உஷ்ணத்தின் உச்சத்திலேயே இருப்பதாகத் தோன்றியதில் வியப்பில்லை. அந்த மலேரியாவின் உள்ளூர்ப் பரவல் ஒழிந்து, 2016ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் உலக சுகாதார ஸ்தாபனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென அங்கீகரித்தது. டெங்குவோ 1962ஆம் ஆண்டில் இங்கு இருப்பதாக உறுதிசெய்யப்பட்டு, பின்னர் நன்றாக வேரூன்றி, 2017ஆம் ஆண்டில் மாத்திரம் 186,000க்கு மேற்பட்டோரைப் பீடித்தது. நோய் மாறிவிட்டது, எமது பழக்கந்தான் மாறவில்லை.

டெங்குக் காய்ச்சல் மூன்று கட்டங்களாக நடந்தேறும். முதலாவது காய்ச்சற் கட்டம். திடீரெனக் கடுங்காய்ச்சல் எழும்; தலையிடி, கண்ணின் பின்புற நோவு, உடம்பு உளைவு, ஓங்காளம் ஆகியன வரும்; முகம் சிவந்திருக்கும். இது இரண்டு நாள் தொடக்கம் ஏழு நாள் வரை நீடிக்கும். இரண்டாவது அபாயக் கட்டம். இது பெரும்பாலும் காய்ச்சல் தணியும் வேளையிலே ஆரம்பிக்கிறது. இக்கட்டத்திற் சிலருக்கு மிக நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவர்கள் தளர்ந்து, இரத்தத்தின் நீர்ப்பகுதி நெஞ்சறையினுள்ளும் வயிற்றறையினுள்ளும் கசிந்து போகின்றது. குழாய்களில் எஞ்சிய இரத்தம் தடிக்கின்றது, கைகால்களுக்குப் போகும் ஓட்டம் குறைகின்றது, அவை குளிர்கின்றன. வெளியே ஒரு துளி இரத்தமும் சிந்தாமலே நோயாளி அபாயத்தை எய்திவிடலாம். கைவைத்துப் பார்க்கும் தாய்க்கோ, "உடம்பு குளிர்ந்துவிட்டது, நல்லதாயிற்று" என்றே தோன்றும்.

இக்கசிவு 24 தொடக்கம் 48 மணித்தியாலங்களே நீடித்துப் பின் தானாகவே நின்றுவிடுகின்றது. அதன்பின் வருவது தேறுதற் கட்டம். ஆகவே, நோயாளியின் உயிர் அந்த ஒன்றிரண்டு தினங்களைக் கடப்பதிலேயே தங்கியுள்ளது. டெங்குக் கிருமியைக் கொல்லும் மருந்து இன்னும் கைக்கு எட்டவில்லை. ஆஸ்பத்திரியிற் செய்யப்படும் பிரதான சிகிச்சை, நாடியையும் இரத்த அழுத்தத்தையும் சலத்தின் அளவையும் மணிக்கு மணி பார்த்து, வேண்டிய அளவு திரவத்தை மாத்திரம் கொடுப்பதாகும். குறைந்தாற் கேடு, மிகுந்தாலும் நெஞ்சில் நீர் கட்டும். எளிய சிகிச்சைதான், ஆயினும் காலத்திற் போய்ச் சேர்ந்தவருக்கே அது பயன்படும்.

"அப்படியானால் எப்பொழுது வைத்தியரிடம் போவது?" என்பதே தாய்மார் கேட்கும் கேள்வி. இதற்கு வீட்டில் வேண்டியது ஒரு சிறு கொப்பியும் பென்சிலுமே. காய்ச்சல் தொடங்கிய நாளையும் நேரத்தையும் முதலில் எழுதிக்கொள்ளுங்கள். அதுவே முதலாம் நாள். பின்னர் உஷ்ணமானியின் அளவு, குடித்த திரவம், சலம் கழித்த நேரம், கொடுத்த மருந்து ஆகியவற்றைக் குறித்து வாருங்கள். காய்ச்சல் கடுமையாயின் இரண்டாம் நாளுக்குள்ளேயே வைத்தியருக்குக் காட்டுவது நன்று. மூன்றாம் நாளும் காய்ச்சல் தொடர்ந்தால், வேறு காரணம் தெளிவாகத் தெரிந்தாலன்றி, முழு இரத்தப் பரிசோதனை செய்தல் அவசியம். கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், முதியோர், நீரிழிவு முதலிய நெடுநோயுள்ளோர், மிகப் பருத்த தேகத்தினர் ஆகியோர் மூன்றாம் நாள் வரை காத்திருத்தல் தகாது. முதல் நாளே காட்டவேண்டும்.

இரத்தப் பரிசோதனையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அயலவர் ஒருவரையொருவர், "எத்தனை இருக்கிறது?" என்று குருதிச் சிறுதட்டுக்களின் எண்ணிக்கையை மாத்திரமே விசாரித்துக்கொள்வதைக் காண்கிறோம். அவ்வெண் 100,000க்குக் கீழே இறங்கினால் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்பது உண்மையே. ஆயினும் உயிருக்குக் கேடு செய்வது பெரும்பாலும் நீர்க்கசிவேயாகும். எண் சற்று உயர்வாயுள்ளதென்று கீழ்க்காணும் குறிகளைப் புறக்கணித்தல் கூடாது. முதற் பரிசோதனையில் டெங்கு இல்லையென்று வந்தாலும் அதனை முடிவான தீர்ப்பாகக் கொள்ளாது, வைத்தியர் சொன்ன நாளில் மறுபடியும் இரத்தம் கொடுத்துப் பார்த்தல் வேண்டும்.

காய்ச்சற் கட்டத்தில் வீட்டிலே செய்யத்தக்கவை சிலவே. நோயாளிக்கு முழு ஓய்வு வேண்டும். பாடசாலைக்கோ ரியூஷனுக்கோ வேலைக்கோ அனுப்புதல் ஆகாது. காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் ஒன்றே போதும். 50 கிலோவுக்கு மேற்பட்ட வளர்ந்தோருக்கு 500 மில்லிகிராம் மாத்திரை இரண்டு. ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறைக்கு மேல் வேண்டாம். சிறுவருக்கு நிறைக்கேற்ப வைத்தியர் சொல்லும் அளவே கொடுக்கவேண்டும். காய்ச்சல் இறங்கவில்லையென்று பொறுமையிழந்து மேலும் மேலும் கொடுத்தால் ஈரல் கெடும். அஸ்பிரின், இபுபுரோபன், டைக்குளோபினக், மெபனமிக் அசிட் ஆகியன இரத்தப்போக்குக்கு வழி செய்வன. ஆகவே அவற்றை மாத்திரையாகவோ, பாணியாகவோ, குதவழி வைக்கும் மருந்தாகவோ உபயோகித்தலாகாது. முன்பொருகால் பல்வலிக்கு வாங்கி மேசை இழுப்பறையிற் கிடக்கும் மாத்திரையை எடுத்துக் கொடுக்குமுன் அதன் பெயரை ஒருமுறை வாசியுங்கள்.

குடிப்பதற்கு வெறுந் தண்ணீரிலும் கஞ்சி, செவ்விளநீர், பழரசம், ஜீவனி கரைத்த நீர் ஆகியன மேலானவை. வளர்ந்தோருக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய இரண்டரை லீற்றர் போதும். வளர்ந்தோருள் 50 கிலோவுக்குக் குறைந்தோருக்கு ஒரு கிலோ நிறைக்கு 50 மில்லிலீற்றர் என்று கணக்கிடலாம். பீற்றூட், வத்தகப்பழம், கோப்பி, சொக்கிலேற் போன்ற சிவந்த அல்லது கபில நிற ஆகாரங்களைத் தவிர்க்கவேண்டும். அவற்றைச் சத்தி எடுத்தால் இரத்தமோ உணவோ என்று பிரித்தறிய இயலாது. நோயாளியைப் பகலிலும் நுளம்பு வலைக்குள்ளேயே வைத்திருங்கள். டெங்கு நுளம்பு பகலிற் கடிப்பது. ஒருவரைக் கடித்த நுளம்பு வீட்டில் மற்றவருக்கும் நோயைக் கொண்டு சேர்க்கும்.

இனிக் கீழே தருவனவற்றை வெட்டியெடுத்துச் சமையலறைச் சுவரில் ஒட்டி வைத்தாலும் தகும். இவற்றுள் ஒன்று தோன்றினும், காய்ச்சல் இருந்தாலென்ன விட்டாலென்ன, உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும்:

1. கடுமையான அல்லது விடாத வயிற்றுவலி.
2. அடிக்கடி சத்தி, ஒன்றும் குடிக்க முடியாமை.
3. ஆறு மணித்தியாலமாகச் சலம் கழியாமை, அல்லது மிகச் சொற்பமாகக் கழிதல்.
4. கைகால் குளிர்ந்து வெளுத்தல், குளிர்ந்த வியர்வை.
5. முரசிலோ மூக்கிலோ இரத்தம், கரிய மலம், பெண்களுக்கு வழக்கத்துக்கு மாறான இரத்தப்போக்கு.
6. எழுந்து நிற்கும்போது தலைசுற்று, மயக்கம்.
7. காரணமின்றி அமைதியிழந்து புரளுதல், சினத்தல், அல்லது அளவுகடந்த சோர்வு.
8. மூச்சுத் திணறல்.

இரத்த ஓட்டத்தை அறிய எளிய சோதனை ஒன்றும் உண்டு. பிள்ளையின் விரல் நகத்தை ஐந்து விநாடி அழுத்திப் பின் விட்டுவிடுங்கள். வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் மீண்டும் சிவக்கவேண்டும். தாமதமாயின், அக்கை குளிர்ந்தும் இருக்குமாயின், அதுவே போதிய எச்சரிக்கை. "பிள்ளை நன்றாகப் பேசுகிறானே" என்று இருந்துவிடாதீர்கள். இரத்த ஓட்டம் குன்றிய நிலையிலும் டெங்கு நோயாளி தெளிந்த அறிவோடு கதைத்துக்கொண்டிருப்பதுண்டு. வீட்டாரை ஏமாற்றுவதும் இதுவே.

அப்படியெனின் உண்மையாகத் தேறிய பிள்ளையை எவ்வாறு அறிவது? அவன் பசிக்கிறது என்பான். விளையாட்டுப் பொருளைத் தேடுவான். சலம் தாராளமாகக் கழியும். கைகால்கள் இதமான சூட்டோடிருக்கும். சிலருக்கு உடலிற் சிவப்புத் தடிப்பும் அதனிடையே வெண்திட்டுக்களும் எழுந்து கடிக்கும். தேறும் வேளையில் வரும் இக்கடியைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை. இவையெல்லாமின்றி உஷ்ணம் மாத்திரம் இறங்கி, பிள்ளை சுவரைப் பார்த்துக்கொண்டு பேசாமற் கிடப்பின், அது தேறுதலன்று. காய்ச்சல் விட்ட பின்னும் இரண்டு தினங்கள் கொப்பியை மூடாதீர்கள்.

பப்பாசி இலைச் சாற்றைப் பற்றிப் பலரும் பேசுவர். ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய வேளையை எந்தச் சாறும் பிற்போடச் செய்யலாகாது என்பதே எமது கருத்து. "முன்னர் ஒருமுறை வந்தது, இனி வராது" என்பதும் தவறு. டெங்குக் கிருமியில் நான்கு வகை உண்டு. ஒருவகை வந்து போனவரை மற்றொருவகை பற்றலாம். அவ்வாறு இரண்டாம் முறை பற்றும்போது நோய் கடுமையாவதற்கு இடம் அதிகம்.

மாரியில் வரும் காய்ச்சலெல்லாம் டெங்குவன்று. வயலிலோ வெள்ளத்திலோ இறங்கி வேலை செய்தவருக்குக் காய்ச்சலோடு கெண்டைக்கால் நோவும், கண் சிவப்பும், சலக்குறைவும் கண்டால் எலிக்காய்ச்சலை நினைக்கவேண்டும். 2024ஆம் ஆண்டு டிசெம்பரில் யாழ்ப்பாணத்தில் அதனால் உயிர்கள் போயின. அதற்கு நல்ல மருந்துண்டு; ஆயின், "நான் சேற்றில் இறங்கியவன்" என்பதை நோயாளி சொன்னாலே வைத்தியர் விரைந்து அறிவார். மூன்று மாதத்துக்குட்பட்ட சிசுவுக்கு எந்தக் காய்ச்சலாயினும் அன்றே காட்டவேண்டும். கழுத்து விறைத்தல், வலிப்பு, நினைவு தடுமாறல் ஆகியன எவ்வயதினரிடத்துக் காணினும் ஒரு நாழிகையும் தாமதித்தல் தகாது.

கடைசியாக ஒன்று. இக்குறிகள் பகலிலேயே தோன்றும் என்ற நியதியில்லை. இரவு பத்து மணிக்குப் பின், மழையும் பெய்யும்போது, "இந்நேரத்தில் யாரை எழுப்புவது? விடியட்டும், பார்ப்போம்" என்று வீட்டுப் பெரியவர் சொல்வதுண்டு. நீர்க்கசிவு விடியலுக்குக் காத்திருப்பதில்லை. 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் கட்டணமின்றி அம்புலன்ஸ் வரும். அரசாங்க ஆஸ்பத்திரியின் கதவு இரவிலும் திறந்தேயிருக்கும். போய்ப் பார்த்து ஒன்றுமில்லையென்று திரும்பினால் ஒரு இரவு நித்திரை மாத்திரமே நட்டம். ஆகவே, வீட்டில் காய்ச்சல் கண்ட முதல் நாளிலேயே, இரவில் அபாயக்குறி தோன்றினால் யார் கூடப் போவது, மற்றப் பிள்ளைகளை யாரிடம் விடுவது என்பவற்றைப் பேசித் தீர்மானித்துக்கொள்ளுங்கள். கொப்பியையும் மறவாமல் எடுத்துச் செல்லுங்கள். வைத்தியர் கேட்கப்போகும் கேள்விகளுக்கு விடை அதிலேயே இருக்கும்.